வாடையும் வாயிற்கதவும்

நுழையும் முன்

வாயிற்கதவு வீட்டுக்குக் காவல். ஆயினும் தில்லியின் குளிர்காலத்தில் சாத்தித் தாழிட்ட கதவையும் கடந்து குளிர்காற்று வீட்டினுள் புகுகிறது. அது எவ்வழியே வருகிறது? வாடகை வீட்டில் இருப்போர் அதனை எவ்வாறு தடுக்கலாம்? எதனை அடைக்க வேண்டும், எதனை அடைக்கவே கூடாது? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

வாடை என்னும் காற்று

நம் முன்னோர் காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டு பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. இந்நான்கனுள் குளிரைக் கொண்டு வருவது வாடையே. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, தன் பெயரிலேயே இக்காற்றைத் தாங்கி நிற்கிறது.

தமிழ்நாட்டின் சமவெளியில் வாடை மெல்லிய குளிராகவே உணரப்படும். சென்னையில் சனவரி மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். தில்லியின் நிலை வேறு. இங்கு அதே மாதத்தில் பல நாள்கள் 10 டிகிரிக்கும் கீழே வெப்பநிலை இறங்குகிறது. 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் காலையில் தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. சமவெளிப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரியாகவோ அதற்குக் கீழாகவோ இருப்பின், இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனைக் 'குளிரலை' என்று அறிவிக்கிறது.

வெயிலுக்கெனக் கட்டிய வீடு

தில்லியில் மே, சூன் மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து செல்லும். ஆகவே, இங்குள்ள வீடுகள் பல வெயிலை எண்ணியே கட்டப்பட்டவை. தரை குளிர்ச்சியான மொசைக்கால் ஆனது. கூரையை ஒட்டிச் சுவரில் சிறு காற்றுத்துளை இருக்கும். அதனை இந்தியில் 'ரோஷன்தான்' என்பர். கோடையில் அறையின் சூடான காற்று மேலெழுந்து அத்துளை வழியே வெளியேறும். கோடைக்கு நன்மை செய்யும் இந்த அமைப்பே குளிர்காலத்தில் நாம் சேர்த்து வைத்த வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடுகிறது.

மரக்கதவின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கதவு நிலையில் உரசும். உடனே தச்சரை அழைத்து ஓரத்தை இழைத்துவிடுவர். மழை நின்று மரம் உலர்ந்ததும் கதவு சுருங்கும். இழைத்த இடத்தில் இடைவெளி தோன்றும்.

'ஒரு விரற்கடை இடைவெளிதானே' என்று எண்ணிவிடலாகாது. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் எனவும், கதவுக்கும் தரைக்கும் இடையே 1 சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது எனவும் கொள்வோம். அந்த இடைவெளியின் பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். இந்தியத் தர அளவுப்படி அமைந்த செங்கல்லின் சிறிய முகம் 9 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதன் பரப்பு 81 சதுர சென்டிமீட்டர். ஆக, கதவின் அடியில் உள்ள மெல்லிய இடைவெளி, சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவி எடுத்த துளையைவிடப் பெரியது! சுவரில் அப்படி ஒரு துளை இருந்தால் அன்றே அடைத்துவிடுவோம் அல்லவா?

காற்று எவ்வாறு நுழைகிறது?

எண்ணெய் நிரம்பிய தகர டின்னில் ஒரே ஒரு துளையிட்டால் எண்ணெய் விட்டுவிட்டு வடியும். எதிர்ப்புறம் இன்னொரு துளையிட்டால் தடையின்றி ஒழுகும். காரணம் என்ன? எண்ணெய் வெளியேற வேண்டுமாயின், அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வருதல் வேண்டும். வீடும் அத்தகையதே. குளிர்காற்று உள்ளே வர வேண்டுமாயின், உள்ளிருக்கும் காற்று வெளியே செல்ல வழி வேண்டும்.

அவ்வழி இரு வகையாக அமையும். ஒன்று, வாயிற்கதவின் எதிர்ப்புறம் இருக்கும் பால்கனிக் கதவு அல்லது சன்னல். வெளியே வீசும் காற்று ஒருபுறம் தள்ளி மறுபுறம் வெளியேறும். மற்றொன்று, கூரையை ஒட்டிய காற்றுத்துளை. சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட எடை குறைந்தது. அது மேலே எழுந்து வெளியேற, வெளியிலுள்ள குளிர்காற்று கதவின் அடியால் உள்ளே இழுக்கப்படும். வெளியே மரத்தின் இலைகூட அசையாத இரவிலும் நம் பாதங்களில் குளிர்காற்று படுவது இதனால்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். வாயிற்கதவை மட்டும் பார்த்தால் போதாது; பால்கனிக் கதவின் இடைவெளியையும் குறைத்தல் வேண்டும். காற்று செல்லும் வழி சுருங்கினால், அது வரும் வேகமும் சுருங்கும்.

நகரும் காற்று மிகுதியாகக் குளிர்வது ஏன்? நம் உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. வீசும் காற்று அதனைக் கலைத்துக்கொண்டே இருக்கும். சூடான பாலை ஆற்றுவதற்கு நாம் ஊதுவதும் இம்முறையே. ஆகவே, காற்றுவரவைத் தடுத்தாலே, சூடேற்றும் கருவி இல்லாத அறையிலும் குளிரின் கடுமை குறைகிறது.

இடைவெளியைக் கண்டறிதல்

அடைப்பதற்கு முன், காற்று வரும் இடத்தை அறிதல் வேண்டும். அதற்கு எளிய வழிகள் நான்கு உள்ளன.

1. ஒளிச் சோதனை: இரவில் அறையின் விளக்குகளை அணைத்துவிடுக. ஒருவர் வெளியே நின்று கதவின் ஓரங்களில் டார்ச் விளக்கைப் பிடிக்கட்டும். ஒளி தெரியும் இடமெல்லாம் காற்று வரும் இடம்.

2. தாள் சோதனை: கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்துக. தாளை இழுத்தால் எளிதில் வந்துவிடின், அவ்விடத்தில் கதவு நிலையோடு பொருந்தவில்லை.

3. ஈரக்கைச் சோதனை: கையை நனைத்துக் கதவின் ஓரமாக நகர்த்துக. காற்று படும் இடத்தில் ஈரம் விரைந்து ஆவியாவதால் அங்கே மட்டும் மிகுதியாகக் குளிரும்.

4. புகைச் சோதனை: ஏற்றிய ஊதுவத்தியைக் கதவின் ஓரத்தில் பெரியவர் ஒருவர் பிடிக்க, புகை வளையும் இடத்தைக் குறித்துக்கொள்க. திரைச்சீலை அருகில் இருத்தலாகாது.

கதவின் அடி, கீல் உள்ள பக்கம், தாழ்ப்பாள் உள்ள பக்கம், மேற்பகுதி, சாவித்துளை ஆகிய ஐந்து இடங்களையும் சோதித்தல் வேண்டும்.

வாடகை வீட்டில் செய்யத்தக்கவை

முனிர்க்கா, கரோல் பாக், மயூர் விகார் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாடகைக்கு வாழ்கின்றன. வாடகை வீட்டின் கதவு நம்முடையது அன்று. எனவே, பின்னர் எளிதில் நீக்கக்கூடிய முறைகளையே முதலில் கைக்கொள்ளுதல் நன்று.

கதவின் பக்கங்களுக்கும் மேற்பகுதிக்கும் நுரைப்பட்டை ஏற்றது. ஒருபுறம் பசையுள்ள இப்பட்டை இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். கதவு சாத்தும்போது வந்து பொருந்தும் நிலைப்பகுதியைத் துடைத்து, ஈரமின்றி உலர்த்திய பின் ஒட்டுதல் வேண்டும். தடித்த பட்டையே நல்லது என்று எண்ணற்க. பட்டை தடித்துவிட்டால் தாழ்ப்பாள் விழாது. இடைவெளியைவிடச் சற்றே தடித்த பட்டை போதும். கதவைச் சாத்தும்போது அது அழுந்தி இடைவெளியை நிரப்பும்.

கதவின் உட்புறத்தில் தரையைத் தொடும் கனத்த திரைச்சீலையைத் தொங்கவிடலாம். பழைய கம்பளியும் இதற்குப் பயன்படும். சாவித்துளையின் மேல் சிறு துணித்துண்டைத் தொங்கவிட்டால் போதும்.

திருகாணி முடுக்கிப் பொருத்தும் இரப்பர்ப் பட்டை, தளர்ந்த கீலை மாற்றுதல், தாழ்ப்பாளை இடம் மாற்றுதல் ஆகியவற்றுக்கு வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும். கேட்கும்போது 'வீடு குளிர்கிறது' என்று பொதுவாகக் கூறுவதைவிட, 'கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. மேல் கீல் தளர்ந்துள்ளது' என்று அளவோடும் இடத்தோடும் கூறினால், செய்யவேண்டிய வேலை அவருக்குத் தெளிவாகும்.

துணிச்சுருள் செய்யும் முறை

கதவின் அடியில் வரும் காற்றைத் தடுக்கச் செலவில்லாத வழி துணிச்சுருள். பழைய லுங்கியோ பருத்திப் புடவையோ இருந்தால் போதும்.

1. கதவின் அகலத்தைவிட 10 சென்டிமீட்டர் நீளமாகவும், 30 சென்டிமீட்டர் அகலமாகவும் துணியை வெட்டிக்கொள்க.
2. துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நீண்ட பக்கத்தையும் ஒரு முனையையும் தைத்திடுக.
3. உட்புறத்தை வெளியே திருப்பிக் கிழிந்த துணிகளைத் திணித்திடுக. இடையிடையே, சிறு துணிப்பைகளில் கட்டிய உலர்ந்த மணலை வைத்திடுக. மணலின் எடையால் சுருள் நகராது.
4. அரிசி, பருப்பு முதலியவற்றை நிரப்பலாகாது. அவை எலியையும் பூச்சியையும் அழைக்கும்.
5. திறந்த முனையைத் தைத்து, அதில் ஒரு துணி வளையம் சேர்த்திடுக. பகலில் சுருளை ஆணியில் மாட்டி வைக்கலாம்.

சுருள் பளிச்சென்ற நிறத்தில் இருத்தல் நன்று. தாத்தா, பாட்டி ஆகியோர் இரவில் நடக்கும்போது கால் தடுக்கி விழாமல் இருக்க அது உதவும். எல்லாரும் வெளியே செல்லும் வீட்டில், மெல்லிய சுருள்கள் இரண்டைச் செய்து, கதவின் தடிமனுக்கு ஏற்ற துணிப்பட்டையால் இணைத்து, கதவின் அடியில் செருகிவிடலாம். ஒன்று உட்புறமும் மற்றொன்று வெளிப்புறமும் நின்று கதவோடு சேர்ந்தே நகரும்.

அடைக்கக் கூடாத வழிகள்

இனிக் கூறப்போவது இப்பாடத்தின் முதன்மையான செய்தி. குளிர்காற்று வரும் வழி வேறு. வீடு மூச்சு விடும் வழி வேறு. முன்னதை அடைக்கலாம். பின்னதை அடைத்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

கரி மூட்டிக் குளிர்காயும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. குளிர்காயும் நெருப்புச் சட்டியைத் தமிழில் கணப்புச் சட்டி என்பர். பழந்தமிழில் அதற்குத் 'தடவு' என்று பெயர். வட இந்தியாவில் அது 'அங்கீட்டி' எனப்படுகிறது. திறந்த முற்றத்தில் அது நல்ல துணை. மூடிய அறையிலோ அதுவே கொல்லும் பகை. காற்றோட்டம் இல்லாத அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு சேர்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது. அதனால் உடலுக்கு வேண்டிய ஆக்சிசன் கிடைப்பதில்லை. உறங்குபவர் விழிக்காமலே உயிர் இழக்க நேரிடுகிறது. அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்தி, குளிர்காலந்தோறும் வட இந்திய நாளிதழ்களில் வருகிறது.

எனவே, கீழ்க்காணும் நெறிகளைக் கட்டாயம் பின்பற்றுதல் வேண்டும்.

- உறங்கும் அறையில் அங்கீட்டியை வைத்தல் கூடாது. கனல் அடங்கி, சாம்பல் பூத்த கரியும் நச்சு வாயுவை வெளிவிடும்.
- சமையலறையின் காற்றுத்துளைகளையும், எரிவாயுக் கீசர் உள்ள குளியலறையின் காற்றுத்துளைகளையும் அடைத்தல் கூடாது.
- மின் சூடேற்றியிலிருந்து திரைச்சீலையும் துணிச்சுருளும் ஒரு மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும்.
- ஆபத்துக் காலத்தில் வாயிற்கதவு உடனே திறத்தல் வேண்டும். சுருளையோ திரையையோ கதவைப் பிணைக்கும்படி ஆணி அடித்தல் கூடாது.
- நண்பகலில் வெயில் ஏறியதும் சிறிது நேரம் சன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். மூச்சாலும் சமையலாலும் சேர்ந்த ஈரம் வெளியேறும். சுவரில் பூஞ்சை படியாது.

மூடிய அறையில் இருப்போர் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால், உடனே அனைவரையும் வெளியே அழைத்து வருக. கதவுகளைத் திறந்துவிடுக. பின்னர் 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்திடுக.

கதவடியில் ஒரு துணிச்சுருளும், கூரையருகே திறந்த ஒரு காற்றுத்துளையும் சேர்ந்து இருக்கும் வீடே குளிர்காலத்தில் பாதுகாப்பான வீடு.

சொற்பொருள்

வாயில் – வீட்டின் நுழைவிடம்
நிலை – கதவு பொருந்தி நிற்கும் சட்டம்
கீல் – கதவை நிலையோடு இணைத்து அசையச் செய்யும் உறுப்பு
இழைத்தல் – மரத்தைச் சீவி மட்டமாக்குதல்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
கனல் – தழல், நெருப்பு
இசைவு – சம்மதம்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நான்கு திசைக் காற்றுகளின் தமிழ்ப் பெயர்களைக் குறிப்பிடுக.
2. வெளியே காற்று வீசாத இரவிலும் கதவின் அடியால் குளிர்காற்று வருவது ஏன்?
3. தாள் சோதனையை விளக்குக.
4. மூடிய அறையில் அங்கீட்டி வைத்தல் கூடாது என்பதற்குக் காரணம் கூறுக.

ஆ. கணக்கிடுக.
ஒரு கதவின் அகலம் 80 சென்டிமீட்டர். அதன் அடியில் உள்ள இடைவெளி 1.5 சென்டிமீட்டர். இடைவெளியின் பரப்பு எவ்வளவு?

இ. பிரித்து எழுதுக.
1. வாயிற்கதவு 2. குளிரலை 3. நண்பகல்

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டின் வாயிற்கதவை ஒளிச் சோதனையாலும் ஈரக்கைச் சோதனையாலும் ஆராய்ந்து, காற்று வரும் இடங்களைப் படமாக வரைந்து குறித்திடுக. வீட்டில் அடைக்கக் கூடாத காற்றுத்துளைகள் எவை என்பதைப் பெற்றோருடன் கலந்து பேசி, அதே படத்தில் வேறு நிறத்தால் குறித்திடுக.