மலைப் பாதைகளும் கிராமத்தின் வருவாயும்

மலையடிவாரக் கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதை புதியதன்று. விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் கோயில் வழிபாட்டிற்கும் நம் முன்னோர் நடந்த தடங்கள் இன்றும் பல ஊர்களில் உள்ளன. இப்பொழுது அத்தகைய தடங்களில் உடல் நலத்திற்காகவும் மன மகிழ்ச்சிக்காகவும் நடப்பதற்கு நகர மக்கள் கட்டணம் செலுத்தி வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைக் கொண்ட திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆகவே, "நம் ஊருக்கும் இதனால் பயன் உண்டா?" என்ற கேள்வி ஊராட்சி அங்கத்தினர்களிடையே எழுவது இயல்பே. அதற்கு விடை காணும் முன், வேறு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் அனுபவத்தை அறிந்துகொள்வது நலம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவின் வடகிழக்கில் டெர்பி என்னும் ஊர் உள்ளது. அங்கு 1874-ஆம் ஆண்டில் வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டது. சுரங்கத்தால் ஊர் செழித்தது. 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெருமழையால் சுரங்கத்தின் அணை உடைந்து 14 பேர் மாண்டனர். பின்னர் சுரங்கத் தொழில் நலிந்து நின்றுவிடவே, மக்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். இந்நிலையில், அப்பகுதியின் உள்ளாட்சி மன்றங்கள் இரண்டு ஒன்றுகூடி, மத்திய அரசின் நிதியுதவியுடன் மலைச் சைக்கிள் பாதைகளை அமைத்தன. மலைச் சைக்கிள் என்பது அகன்ற டயர்களும் வலுவான பிரேக்குகளும் கொண்டு கரடுமுரடான தடங்களில் செல்வதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் ஆகும். 2015-ஆம் ஆண்டில் பாதைகள் திறக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டில் உலகப் போட்டியொன்று அங்கு நடந்தது. இன்று அங்குள்ள பாதைகளின் மொத்த நீளம் 100 கிலோமீட்டருக்கும் அதிகம். மூடிக் கிடந்த ஊரில் உணவு விடுதிகளும் தங்குமிடங்களும் சைக்கிள் பழுது பார்க்கும் கடைகளும் தோன்றின.

இதில் நாம் கருத வேண்டியது யாது? ஒரே பாதை இருந்தால், வருபவர் காலையில் ஏறி மாலையில் இறங்கித் தம் ஊருக்குத் திரும்பிவிடுவார். எளியது, நடுத்தரமானது, கடினமானது எனப் பல பாதைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் இரண்டு மூன்று நாட்கள் தங்குவார். பாதைகள் ஊரிலேயே தொடங்கி ஊரிலேயே முடிந்தால் அவர் செலவிடும் பணம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும். மலை, ஊராட்சியின் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஆகவே அண்டை ஊராட்சிகள் கூடித் திட்டமிடுதலே முறை. மறுபுறமும் உண்டு. வருகை பெருகினால் வீட்டு விலையும் வாடகையும் ஏறும். பாதையைப் பராமரிக்கும் செலவு ஆண்டுதோறும் வரும். இவ்விரண்டையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாதைக்கு முதற் பகைவன் மழைநீரே. சம உயர வரப்பு அமைக்கும் உழவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சரிவில் நேராக மேலேறும் பாதை, மழைக் காலத்தில் ஓடையாக மாறிவிடும். ஆதலின் பாதை மலையின் பக்கவாட்டில் வளைந்து செல்ல வேண்டும். பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேற்படலாகாது. நூறு அடிக்கு இருபது அடி உயரும் சரிவில், பாதை நூறு அடிக்குப் பத்து அடிக்கு மேல் உயரக்கூடாது. பாதையின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்து வாட்டமாக இருந்தால், நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். ஏறும் பாதை ஆங்காங்கே சிறிது இறங்கி மீண்டும் ஏறுமாறு அமைத்தால், தேங்கும் நீர் அவ்விடங்களில் வெளியேறும். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் ஒரே பாதையைப் பயன்படுத்துமிடத்தில், நடப்போருக்குச் சைக்கிளில் வருவோர் வழிவிடுதல் விதி. வேகமாக இறங்கும் சைக்கிள் பாதைகளைத் தனியாகவே அமைத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. அதன் பின்னரே மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. இன்று அரசுத் திட்டத்தில் முன்பதிவு செய்தவர்களே அனுமதிக்கப்படுகின்றனர். பழங்குடியினரும் மலையடிவார இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். புல் காய்ந்து தீப்பற்றும் கோடைக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. காட்டின் குணம் அறிந்தவரே வழிகாட்டியாதல் வேண்டும் என்பது இதன் கருத்து. அவ்வறிவு நம் கிராமத்தாரிடம் உள்ளது; அதற்கு உரிய ஊதியமும் அவர்களுக்கே சேர வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை சில. காப்புக் காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி ஓரடி நிலத்தையும் வெட்டலாகாது. யானை முதலிய விலங்குகளின் வழித்தடங்களை விட்டு விலக வேண்டும். காட்டிற்கு வெளியே உள்ள பழைய நடைபாதைகளையும், ஏரிக்கரை, தோப்பு, கோயில், காட்சியிடம் ஆகியவற்றையும் வரைபடத்தில் குறித்து, கிராம சபையில் வைத்து விவாதிக்கலாம். நிலத்திற்கு உரியவர், மேய்ச்சற்காரர், மகளிர் குழுவினர் ஆகியோரின் இசைவைப் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றுதல், முதலுதவி ஆகிய ஏற்பாடுகள் அமையும் முன்னர் வெளியாரை அழைத்தல் தகாது. கட்டணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பிற்கென ஒதுக்கி, ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் பாதையைச் செப்பனிட வேண்டும்.

மலை நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. அதன் மண்ணும் மரமும் சிதையாமல், அங்கு வாழ்வோர் உரிமை குன்றாமல் அமையும் பாதையே கிராமத்திற்கு நிலையான வருவாயைத் தரும். இதனை மனத்திற்கொண்டு, மலையடிவார ஊராட்சிகள் தங்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.