குழந்தைக்கு ஏற்ற வட்டாரம் எது? தில்லியில் வீடு தேடும் வெளிநாட்டுக் குடும்பங்கள்

புது தில்லி: சிறு குழந்தைகளுடன் வெளிநாட்டுக்குக் குடிபெயர்வது என்றதும் சிங்கப்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும் செல்லும் இந்தியக் குடும்பங்களே நினைவுக்கு வருவது இயல்பு. எதிர்த் திசையில் வருவோரும் உண்டு. தூதரக அதிகாரி, ஜப்பானிய கார் நிறுவனத்தின் பொறியாளர், காபூலிலிருந்து தப்பி வந்த ஆசிரியர், மியான்மரின் சின் மலைப் பகுதியிலிருந்து வந்த விவசாயி, மேற்கு ஆப்பிரிக்க வணிகர் எனப் பலரும் மனைவி மக்களுடன் தலைநகரில் வந்து இறங்குகின்றனர். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வட்டாரத்தில் குடியிருப்பது?

கேள்வி ஒன்றானாலும் விடை ஒன்றல்ல. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, விசா எந்த வகையைச் சேர்ந்தது என்பவையும், பல வேளைகளில் தோலின் நிறமுமே விடையைத் தீர்மானிக்கின்றன.

பள்ளியை ஒட்டியே வீடு: வசதி படைத்த வெளிநாட்டவர் தில்லியில் வீட்டைத் தேடுவதில்லை, பள்ளியைத் தேடுகின்றனர். வீடு அதைத் தொடர்ந்து வருகிறது. 1950-களில் தூதரகங்களுக்கென உருவாக்கப்பட்ட சாணக்கியபுரியில் உள்ள அமெரிக்கத் தூதரகப் பள்ளி 1952-இல் தொடங்கியது. ஜெர்மானியப் பள்ளி 1961-இலும், பிரிட்டிஷ் பள்ளி 1963-இலும் வந்தன. இப்பள்ளிகளிலிருந்து சற்று நேரக் கார் பயணத்தில் எட்டக்கூடிய வசந்த் விஹார், சாந்தி நிகேதன், ஆனந்த் நிகேதன், வெஸ்ட் எண்ட் ஆகிய காலனிகளே "குடும்பத்துக்கு ஏற்றவை" என்று வீட்டுத் தரகர்கள் கைகாட்டும் இடங்கள்.

இவற்றுள் வசந்த் விஹாரின் கதை சுவையானது. 1960-களில் மத்திய அரசு ஊழியர்களின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்காக உருவான காலனி அது. அன்று மனை பெற்ற அதிகாரிகளில் பலர் வீட்டைத் தூதரகங்களுக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விட்டனர். பூங்கா, நிழல் மரங்கள், ஜெனரேட்டர், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, வாசலில் காவலாளி என ஒரு வெளிநாட்டுத் தாய் கேட்கும் அனைத்தும் அங்கு உள்ளன. வாடகையை அவர் கேட்பதில்லை. அதை அவரது நாடோ, நிறுவனமோ கொடுத்துவிடுகிறது.

ஜப்பானியர் வகுத்துக் கொண்ட வழி வேறு. 1980-களின் தொடக்கத்தில் சுஸுகி நிறுவனம் மாருதியுடன் கைகோத்து குர்கானுக்கு வந்தபோது அது கிராமங்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று அங்குள்ள அடுக்குமாடி வளாகங்களில் ஜப்பானியக் குடும்பங்கள் குழுமி வாழ்கின்றன. பிள்ளைகளின் ஜப்பானியப் பள்ளியோ தில்லி வசந்த் குஞ்சில். ராஜஸ்தானின் நீம்ரானாவில் ஜப்பானியத் தொழிற்பேட்டை உருவான பிறகும் குடும்பங்கள் அங்குச் செல்லாமல் குர்கானிலேயே தங்கியதற்குப் பள்ளியும் மருத்துவமனையுமே முதன்மைக் காரணம். தந்தை நெடுஞ்சாலையில் தெற்கே விரைவார்; பிள்ளைகளின் பேருந்து வடக்கே செல்லும்.

இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. தில்லிக்கு வந்த தமிழரும் இதைத்தான் செய்தனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று எங்கெல்லாம் எழுந்தனவோ, அவற்றைச் சுற்றியே மத்திய அரசில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களின் தில்லி வாழ்க்கை அமைந்தது.

பள்ளிக்கும் அரசியல் உண்டு என்பதை 2014 ஜனவரி காட்டியது. முந்தைய மாதம் நியூ யார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டதற்குப் பதிலடியாக, அமெரிக்கத் தூதரகப் பள்ளி ஆசிரியர்களின் விசா, வருமான வரி விவரங்களை இந்திய அரசு கேட்டது. இரு அரசுகளின் பூசல் நேரே வகுப்பறைக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல.

காற்றுக்குக் காலனி கிடையாது: வாடகை கொடுத்து வாங்க முடியாதது ஒன்று உண்டு. வசந்த் விஹாரை அடுத்து, மலை மந்திர் அமைந்திருக்கும் ராமகிருஷ்ணபுரத்தின் காற்றுத்தர அளவி, குளிர்காலங்களில் "கடுமை" என்ற நிலையைக் காட்டுவது வாடிக்கையாகிவிட்டது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவின் சட்ட அளவு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு வெறும் 5. தில்லியின் ஆண்டுச் சராசரியோ 100-ஐ ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது.

2015-இல் நியூ யார்க் டைம்ஸ் நாளிதழின் தில்லிச் செய்தியாளர் ஒருவர், தன் மகனுக்கு ஏற்பட்ட ஆஸ்துமாவைக் காரணம் கூறி ஊரைவிட்டுச் சென்றதைக் கட்டுரையாகவே எழுதினார். 2017 நவம்பரில் கோஸ்டாரிகா தூதர் சுவாசக் கோளாறால் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தார். 2016 முதல் பல குளிர்காலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைய வழிக்கு மாற்றப்பட்டன. தூதரகப் பள்ளிகள் வகுப்பறைகளில் காற்று வடிப்பான்களைப் பொருத்தின. அவற்றின் விலை ஒரு பொருட்டல்ல என்போர் இருக்கலாம். இல்லாதோர் ஊரைவிட்டுச் செல்லலாம். செல்வதற்கு வேறு ஊர் இல்லாத வெளிநாட்டவரும் இதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர்.

வசந்த் விஹாரின் மறுபக்கம்: அவர்களுக்கும் வசந்த் விஹார் தெரிந்த இடமே. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் அங்குதான் இயங்கி வந்திருக்கிறது. 2012 ஏப்ரல், மே மாதங்களில் அகதி அட்டை கோரி ரோஹிங்கியா குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் அப்பகுதியில் திறந்த வெளியில் தங்கின. இறுதியில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினர். 2021 ஆகஸ்டில் காபூல் தலிபான் வசமானதும் ஆப்கன் குடும்பங்கள் அதே தெருவில் திரண்டன. கொரோனா காலத்தில் கூட்டம் கூடுவதாகக் கூறிக் குடியிருப்போர் நலச் சங்கம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றதெனப் பெயர்பெற்ற காலனியில், வேறு சில வெளிநாட்டுக் குழந்தைகள் நடைபாதையில் உறங்கிய நாள்கள் அவை.

ஆப்கானியர்கள் லாஜ்பத் நகர், போகல், மாளவியா நகரை ஒட்டியுள்ள ஹவுஸ் ராணி ஆகிய இடங்களில் வசிக்கின்றனர். பாரசீக எழுத்தில் பெயர்ப் பலகைகள், ரொட்டிக் கடைகள், பக்கத்தில் மருத்துவமனைகள் என அங்கு ஒரு சிறு காபூல் உருவானது. போகலில் ஆப்கன் பாடத்திட்டத்தில் நடந்த பள்ளியே பல குடும்பங்களை அங்கு இழுத்தது. 2021-இல் காபூல் அரசு கவிழ்ந்ததும் அப்பள்ளிக்கு அங்கிருந்து வந்த பணம் நின்றது. ஆப்கன் இந்துக்களும் சீக்கியர்களும் குருத்வாராக்களை ஒட்டி திலக் நகர்ப் பக்கம் சென்றனர். மியான்மரின் சின் கிறிஸ்தவர்கள் மேற்கே விகாஸ்புரி, உத்தம் நகர் பகுதிகளில் ஒற்றை அறைகளில் வாழ்கின்றனர். இரவில் காய்கறிச் சந்தை கலைந்த பிறகு, கழித்துப் போட்ட காய்களைப் பொறுக்கச் செல்லும் சின் பெண்களைப் பற்றிப் பல செய்திகள் வந்துள்ளன.

இவர்களுக்கு வட்டாரம் என்பது தேர்வு அல்ல. எந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறாரோ அதுவே வட்டாரம். வெளிநாட்டவர் எவரைத் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நெடுங்காலம் "சி படிவம்" என வழங்கியது அதுதான். தூதரகத்துக்கு வீடு விடுபவர் அதைத் தயங்காமல் செய்கிறார். அகதி அட்டையை மட்டும் வைத்திருப்பவர் வந்தால், படிவமே தொல்லை என்று கதவை அடைக்கிறார். அல்லது படிவத்தையே மறந்து வாடகையைக் கூட்டுகிறார். 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் அந்த அட்டைக்கு உள்ளூரில் மதிப்புத் தருவது அவரவர் மனம்.

ஆப்பிரிக்கர்களின் நிலை இன்னும் கடினம். விசா முறையாக இருந்தாலும், வாடகையை முன்கூட்டியே தந்தாலும் வீடு கிடைப்பது அரிது. 2014 ஜனவரியில் அன்றைய தில்லி சட்ட அமைச்சர் சோம்நாத் பாரதி, ஆப்பிரிக்கர் பலர் வசித்த கிட்கி எக்ஸ்டென்ஷனுக்கு ஆதரவாளர்களுடன் நள்ளிரவில் சென்று, ஒரு வீட்டைச் சோதனையிடும்படி போலீஸாருடன் வாதிட்டது நாடறிந்த நிகழ்வு. 2016 மே மாதத்தில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் வசந்த் குஞ்ச் பகுதியில் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில் சத்தர்பூர் வட்டாரத்தில் ஆப்பிரிக்கர்கள் பலர் தாக்கப்பட்டனர். ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூடி, ஆப்பிரிக்க தின விழாவைத் தள்ளிவைக்குமாறு கோரியதுடன், புதிதாக மாணவர்களை அனுப்ப வேண்டாம் என்று தத்தம் அரசுகளுக்குப் பரிந்துரைக்கப் போவதாகவும் கூறினர். இத்தகைய சூழலில் பூங்கா உண்டா, பள்ளி அருகிலா என்று ஒரு தாய் விசாரிப்பது எங்கே? மாலை மங்கிய பின் பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாமா என்பதே அவரது கேள்வி.

சட்டம் சொல்வதும் பள்ளி கேட்பதும்: அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவரையும் பற்றியே பேசுகின்றன, குடியுரிமை என்ற சொல் அங்கு இல்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. பள்ளி அலுவலகத்தின் மேசையிலோ ஆதார், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று என்ற வரிசை காத்திருக்கிறது. ரோஹிங்கியா குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்த தில்லி உயர் நீதிமன்றம், உள்துறை அமைச்சகத்தை அணுகும்படி கூறியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகலாம், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்லலாம் என்று தெளிவுபடுத்தியது. முதல் வகுப்பில் சேர உயர் நீதிமன்றம் வரை செல்லும் வழி திறந்திருப்பதை முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழ் அகதிகளுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அரசு காட்டிய இடத்திலேயே அவர்கள் வாழ்கின்றனர். 2021-இல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாறியும் வீடுகளின் நெருக்கடி உடனே மாறிவிடவில்லை. ஆனால் முகாம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் கதவு அடைக்கப்படவில்லை; அவர்களில் பலர் பட்டதாரிகளாகவும் ஆகியுள்ளனர். வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்திலும் பள்ளி உறுதியாக இருந்தால் ஒரு தலைமுறை நிமிர முடிகிறது. தில்லியின் அகதிகளுக்கு இரண்டும் உறுதியில்லை.

குடும்பத்துக்கு ஏற்ற வீடு ஒருமுறை அவர்களின் வாசல் வரை வந்தது. 2022 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, தில்லியின் ரோஹிங்கியா அகதிகள் பக்கர்வாலா பகுதியின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்படுவர் என்று சமூக ஊடகத்தில் அறிவித்தார். அப்படியோர் உத்தரவு எதுவும் இல்லை என்று அன்றே உள்துறை அமைச்சகம் மறுத்தது. 2018-லும் 2021-லும் தீக்கிரையான யமுனைக் கரைக் குடிசைகளின் குடும்பங்கள் காலையில் ஓர் அமைச்சகத்தின் செய்தியையும், மாலைக்குள் மற்றோர் அமைச்சகத்தின் செய்தியையும் கேட்டன.

மற்றவர்கள் வாடகை ஒப்பந்தத்தை நம்பியிருக்கின்றனர். ஓராண்டானால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அது வழக்கமாக 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. தில்லியின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அக்டோபரில் குடிவந்தவரின் ஒப்பந்தம் அடுத்த ஆகஸ்டில் முடியும். வீட்டுக்காரர் புதுப்பிக்க மறுத்தால் கல்வியாண்டின் நடுவில் வேறொரு காலனியில் அறையும், அதற்கு அருகில் வேறொரு பள்ளியும் தேட வேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது முகவரிச் சான்றுதான்.