அணை நீரின் நிறம் மாறுவது ஏன்?

மேட்டூர் அணையில் 120 அடி நீர் நின்றால் 93.47 டி.எம்.சி. என்று செய்தித்தாள்கள் கணக்குச் சொல்லும். அந்த நீருக்குள் மிதக்கும் பயிர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வேரும் இலையும் இல்லாமல், வெயிலைக் கொண்டே உணவு தயாரிக்கும் நுண்பாசிகள்தான் அந்தப் பயிர். பரிசல்காரர் வலையில் விழும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உணவுச் சங்கிலி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் வியப்பு தாங்காது. விளிம்பில் இரட்டைக் கொம்புள்ள செல்கள் வட்டத்தட்டாக அடுக்கியிருப்பது பீடியாஸ்ட்ரம். நுண்ணிய கோடுகள் வரிவரியாக ஓடும் கண்ணாடி ஓட்டுக்குள் வாழ்வது டயாட்டம். வழவழப்பான கூழுக்குள் நூற்றுக்கணக்கான உருண்டைகளாகத் திரண்டிருப்பது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி.

ஒரே நீர், ஒரே வெயில், ஒரே சத்து. பிறகு ஏன் ஓர் இனமே மற்றவற்றை வென்று முடித்துவிடவில்லை? 1961-இல் சூழலியலாளர் ஹட்சின்சன் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஓர் இனம் முழுதாக வெல்வதற்குள் சூழல் மாறிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

வெப்பமண்டல அணைகளில் அந்த மாற்றத்தைக் கொண்டுவருவது பருவமழை. புதுவெள்ளம் வரும்போது சேற்றுநீரில் ஒளி இறங்காது. பாசிகள் அடித்துச் செல்லப்பட்டு எண்ணிக்கை சரியும். ஆனால் அதே வெள்ளம் பாஸ்பரசையும் சிலிக்காவையும் கொண்டுவந்து சேர்க்கும். வண்டல் படிந்து நீர் தெளிந்ததும், காற்று கலக்கிவிடும் நீரில் டயாட்டங்கள் பெருகும். ஓடு கனமென்பதால், அசையாத நீரில் அவை மூழ்கிவிடும்.

கோடையில் மேல்நீர் சூடேறி, அடிநீரோடு கலக்காமல் நிற்கும். அப்போது மைக்ரோசிஸ்டிஸின் காலம். செல்லுக்குள் காற்று நிறைந்த நுண்குழல்கள் அதை மேலே தூக்குகின்றன. பகலில் சேர்த்த மாவுச்சத்தின் எடையால் கீழே இறங்கும். இரவில் அதைச் செலவழித்து மீண்டும் மேலே வரும்.

பருவத்துக்குப் பருவம் பாசிகள் மாறிமாறிப் பெருகும் இந்தச் சுழற்சி இயற்கையானது. சாக்கடையும் உரக்கழிவும் ஓயாமல் கலந்தால் சுழற்சி குலைந்து, ஓர் இனமே கோலோச்சும். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடி, கோட்டையூர் கரைகளில் பச்சைப் படலம் ஒதுங்கி நாறியது அண்மை ஆண்டுகளில் பலமுறை செய்தியானது. மைக்ரோசிஸ்டிஸின் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பச்சைச் சாயம் கரைத்ததுபோல் படலம் தெரிந்தால் அந்த நீரைக் குடிக்காதீர்கள், ஆடுமாடுகளையும் இறக்காதீர்கள். படலத்தை அகற்றுவதோடு நின்றுவிடாமல், ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுப்பதே நிலையான தீர்வு.