நாய் கடித்த பன்றிக் காதும் பிள்ளையின் வயிற்றோட்டமும்

நாய்களுக்கு விற்கும் தின்பண்டம் ஒன்றில் சல்மனெல்லா கிருமி இருக்கிறது, உடனே கொடுப்பதை நிறுத்துங்கள் என்று ஹெல்த் கனடா அறிவித்தால், றிச்மண்ட் ஹில்லில் நாய் வளர்க்கும் நம்மவர் முதலில் நாயைத்தான் பார்ப்பார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். "இவனுக்கு ஒண்டும் இல்லையே" என்று பக்கெட் திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் அந்த அறிவிப்பு நாயைவிட வீட்டிலுள்ள மனிதரை நினைத்தே எழுதப்படுகிறது.

சல்மனெல்லா உள்ளே போனாலும் பல நாய்கள் நோய்ப்படுவதில்லை. ஓடித் திரியும், சாப்பிடும். கிருமி மட்டும் மலத்தோடு வெளியே வந்துகொண்டிருக்கும். மனிதருக்கு அப்படியில்லை. 6 முதல் 72 மணி நேரத்துக்குள் வயிற்றோட்டம், சத்தி, காய்ச்சல் தொடங்கும். திடகாத்திரமானவர் ஒரு கிழமைக்குள் எழும்பிவிடுவார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, முதியவர், கர்ப்பிணி, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் ஆகியோருக்குத்தான் அது ஆஸ்பத்திரி வரை போகும். அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் நாயும் ஒரே கம்பளத்தில் இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

இதற்குக் கனடாவிலேயே பழைய கதை உண்டு. 1999 இல் இங்கே மனிதரிடையே பரவிய சல்மனெல்லா நோயைத் தேடிப் போனவர்கள், நாய்கள் கடிக்கும் காய்ந்த பன்றிக் காதில் போய் நின்றார்கள். கடைகளிலிருந்து எடுத்துச் சோதித்த காதுகளில் ஏறத்தாழப் பாதியில் கிருமி இருந்தது. 2005 இல் மேற்குக் கனடாவிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுமாக ஒன்பது பேர் நோயுற்றனர். அப்போது பிடிபட்டவை மாட்டிறைச்சியிலும் கடலுணவிலும் செய்த தின்பண்டங்கள். எல்லாவற்றிலும் பெரியது 2019 இல் அமெரிக்காவில் நடந்தது. 34 மாநிலங்களில் 154 பேர் நோய்ப்பட, ஒரு கட்டத்தில் 'பன்றிக் காதை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்' என்றே அதிகாரிகள் சொன்னார்கள்.

காய்ந்த பொருளில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்கலாம். கருவாடு போலக் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரம் குறைந்தால் சல்மனெல்லா பெருகாது என்பது உண்மை, ஆனால் சாவதில்லை; மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காய்ந்த நிலையில் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆகவே மெல்லிய சூட்டில் உலர்த்தும் தொழிற்சாலையில் ஈரம் போய்விடும், கிருமி தங்கிவிடும். நன்றாகச் சூடாக்கிக் கொன்றாலும் பிறகு பச்சை இறைச்சி பட்ட மேசையாலோ கையாலோ மீண்டும் ஒட்டலாம். கடையில் மூடாத பெட்டியில் குவித்து வைத்திருப்பதைச் சிறுபிள்ளை கையால் கிளறுவதைப் பார்த்தாலே போதும். உறையவைத்து விற்கும் பச்சை இறைச்சி உணவும் இதே வகைதான். குளிர் கிருமியைக் கொல்வதில்லை. 2023 நவம்பரில் கனடாவின் பொதுச் சுகாதார முகமை அறிவித்த நோய்ப்பரவலில் ஆறு மாகாணங்களில் 40 பேர் இருந்தனர். பச்சை நாயுணவோடும் மாடுகளோடும் தொடர்புபட்ட அந்தக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காதது.

இங்கே நாயுணவுக்கு மனிதர் உணவுக்கு உள்ள அளவு கண்காணிப்பு இல்லை. இறக்குமதியை உணவுப் பரிசோதனை முகமை பார்ப்பது பெரும்பாலும் கால்நடை நோய்கள் உள்ளே வராமலிருக்கத்தான். வாங்குபவருக்கு ஆபத்து என்று வரும்போது, 2011 இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கிறது. அதன்படி ஆபத்தான சம்பவத்தை அறிந்த நிறுவனம் இரண்டு நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பில் 'நோய் முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அதில் ஆறுதல் தேடாதீர்கள். வயிற்றோட்டம் வந்தவர் எவரும் நாயின் பிஸ்கட்டைச் சந்தேகிப்பதில்லை.

பக்கெட்டின் தையலோரம், மை மங்கிய எழுத்தில் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் இருக்கும். அறிவிப்பிலுள்ளதோடு அவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். பெயரும் படமும் போதாது. நம் வீடுகளில் பக்கெட்டை எறிந்துவிட்டு உள்ளே இருந்ததை நெஸ்டமோல்ட் டின்னில் கொட்டிவைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதனால்தான் எதை எறிவது என்று தெரியாமல் போகிறது. டின்னில் போடுவதானால் பக்கெட்டோடு போடுங்கள். எண் பொருந்தினால், பையில் இறுக்கிக் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டின்னையும் நாயின் கோப்பையையும் சூடான சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். சமையல் பாத்திரம் கிடக்கும் சிங்கில் வேண்டாம். பண்டம் கொடுத்த கையை 20 விநாடி கழுவுவது அறிவிப்பு வராத நாளிலும் வேண்டும்.

ஒன்ராறியோவில் சல்மனெல்லா உறுதியானால் ஆய்வுகூடம் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தாக வேண்டும். றிச்மண்ட் ஹில்லுக்கு அது யோர்க் பிராந்தியப் பிரிவு. அங்கிருந்து தொலைபேசி வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். கோழி, முட்டை என்று சொல்லி முடிக்கும்போது நாய்க்குக் கொடுத்ததையும் சொல்லுங்கள், பக்கெட்டை அதுவரை எறிந்திருக்காவிட்டால் எண்ணையும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த அறிவிப்புக்கான துப்பு அந்தப் பதில்களிலிருந்துதான் கிடைக்கிறது.