பழைய விரிசல், புது விரிசல்

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் நிலம் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 5.5. சென்னையில் அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் படியிறங்கி ஓடிவந்து தெருவில் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அதே இரவில் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு திட்டிலும் தரை சில நொடிகள் ஆடியது. திட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே ஊர்த்தெருவும் காலனியும் ஒரே படகில்தான் அக்கரைக்குப் போய்வர வேண்டும். நாம் எழுதிவிட்டு வந்துவிடுவோம். அவர்கள் நாளைக்கும் அந்தப் படகில் ஏற வேண்டும்.

திட்டு என்பதைப் பார்த்திராத மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், அணைக்கரையைத் தாண்டிக் கடலை நெருங்கும்போது அகன்று விரிகிறது. வண்டலும் மணலும் சேர்ந்து நடு ஆற்றில் மேடு விழுகிறது. அதுதான் திட்டு. மேட்டில் ஊர்த்தெரு, தாழ்வில் காலனி. வெள்ளம் முதலில் எந்தப் பக்கம் நுழையும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இளகிய மண் பாறை நிலத்தைவிட அதிர்வைக் கூட்டியே காட்டும்.

அன்றிரவு காலனியில் முதலில் கேட்டது பாத்திரச் சத்தம். பரணில் இருந்த குண்டான்கள் ஒன்றோடொன்று மோதின. மாடுகள் முளைக்குச்சியை இழுத்தன. "தேர் உருண்டு வர்ற மாதிரி இருந்திச்சு" என்றார் நம்மிடம் பேசிய பாட்டி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். காலனிச் சந்து குறுகல், மேலே மின்கம்பி. நிற்க இடம் என்றால் ஊர்த்தெரு களம் ஒன்றுதான். போனார்கள். இரவு முழுவதும் இரு தெருவாரும் அங்கேயே இருந்தார்கள்.

"எந்தத் தெருன்னு அன்னைக்கு யாரும் கேக்கல. ஒரு அம்மா கோரைப்பாய் கொண்டாந்து போட்டாங்க. நம்ம புள்ளைங்க அதுலதான் தூங்கிச்சு" என்றார் பாட்டி. விடிந்ததும் பாயை உதறிச் சுருட்டிக் கொடுக்கப் போனாராம். அந்த அம்மா கைநீட்டி வாங்கவில்லை. "நீயே வெச்சுக்க" என்றிருக்கிறார். ஆசையாய்க் கொடுத்தாரா, இனி அந்தப் பாய் வேண்டாம் என்று விட்டாரா? பாட்டிக்கு இன்றுவரை விளங்கவில்லை. நமக்கும் விளங்கவில்லை. பாய் கிழியும்வரை அவர்கள் வீட்டில்தான் கிடந்தது.

கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது விஷயம் வேறாகிவிட்டது. ஊர்த்தெருவில் இரண்டு சுவர்களில் விழுந்த கீறலைக் குறித்துக்கொண்டார். காலனிக்கு வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் பழைய விரிசல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதில்தான் சிக்கலே இருக்கிறது. வெள்ளையடித்த நல்ல சுவரில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். தொகுப்பு வீட்டில் எதைக் காட்டுவது? உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, தளத்தின் பூச்சு ஏற்கெனவே பெயர்ந்து விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் சட்டி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அந்த வீட்டை நிலம் இன்னும் கொஞ்சம் உலுக்கினால், அது எந்தக் கணக்கிலும் வராது. ஒப்பந்தக்காரரின் சிமென்ட் குறைவும் வராது, நில அதிர்வும் வராது.

விதி என்ன? நில அதிர்வு, பேரிடர் நிவாரண நிதிப் பட்டியலில் உள்ள இடர்தான். 2022-26 காலத்துக்கான மத்திய அரசின் விதிமுறைப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1.20 லட்சம். பகுதி சேதமான கல்வீட்டுக்கு ரூ.6,500. ஆனால் சேதம் 15 சதவீதமாவது இருக்க வேண்டும், அதுவும் அந்தப் பேரிடரால் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே பாதி பாழான வீட்டில் அந்த 15 சதவீதத்தைப் பிரித்துக் காட்ட யாரால் முடியும்? விதியில் சாதி என்ற சொல்லே கிடையாது. யார் வீடு பழையதாகவே இருக்கிறது என்பதில் அது இருக்கிறது.

திட்டில் இன்னொரு பயமும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் நம் கடலோரத்தில் லேசான அதிர்வு உணரப்பட்டது. அலை வர அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை அன்று யாருக்கும் தெரியாது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து, சுனாமி எச்சரிக்கை விடுத்தபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திட்டில் மக்கள் படகுத்துறைக்கு ஓடினார்கள். படகு ஊர்த்தெருக்காரருடையது. முதல் நடையில் யார் போனார்கள் என்று கேட்டோம். "அவங்க படகு, அவங்க போனாங்க" என்றார் ஓர் இளைஞர். நல்லவேளை, அலை வரவில்லை.

2004-க்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்ட முகாம்களில் தலித் குடும்பங்கள் விரட்டப்பட்டதும், குடிநீர்த் தொட்டியருகே தடுக்கப்பட்டதும் அப்போதே பதிவான செய்திகள். படகும் வலையும் இழந்தவர் பாதிக்கப்பட்டவர். உப்பு ஏறிய வயலில் கூலி இழந்தவர் பல இடங்களில் பட்டியலிலேயே இல்லை.

இப்போது காலனியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மழைக்கு முன் அவர்கள் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, வீட்டு எண் தெரியும்படி செல்போனில் படமெடுக்கிறார்கள். விரிசல் எங்கே முடிகிறது என்று கோடு போட்டு வைப்பது பொறியாளர்கள் செய்வதுதான். படங்களைக் கிராம சபையில் மனுவோடு கொடுத்து, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும் என்று தீர்மானம் போடக் கேட்கப் போகிறார்கள். கூடவே, அவசரத்துக்கு அரசுப் படகு ஒன்றும்.

பாட்டி வீட்டுச் சுவரில் மட்டும் ஏழு கோடுகள். பாதி வீடுகள் முடிந்துவிட்டன. மீதியை வரும் சனி, ஞாயிறில் முடிப்பதாகச் சொன்னார்கள்.