தானியமும் தர முத்திரையும்



வாணிகம் நம்பிக்கையின் மேல் நிற்பது. தானியம் வாங்குகிறவன் ஒவ்வொரு வயலையும் சென்று பார்ப்பதில்லை. விற்கிறவன் சொல்லையோ, இருவருக்கும் நடுவே நிற்கும் ஒரு முத்திரையையோ நம்பி வாங்குகிறான். அம்முத்திரையின் மீது உழவனுக்கே ஐயம் தோன்றினால் என்ன நேரும்? பிரிட்டனில் கோதுமையும் பார்லியும் பயிரிடுவோரிடையே அத்தகைய ஐயம் தோன்றியிருக்கிறது. அதன் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அயல்நாட்டுத் தானியம் பிரிட்டனுக்குப் புதியதன்று. 1815ஆம் ஆண்டின் தானியச் சட்டம் வெளிநாட்டுக் கோதுமைக்குத் தடையாக நின்றது. 1846இல், ராபர்ட் பீல் பிரதமராக இருந்தபோது, அத்தகைய சட்டங்களை நீக்கப் பாராளுமன்றம் முடிவு செய்தது. பின்னர் வட அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. இன்றும் ரொட்டி நன்கு உப்புவதற்காகப் புரதம் மிகுந்த கனடாக் கோதுமையை உள்நாட்டுக் கோதுமையுடன் கலந்து அரைப்பதுண்டு. கால்நடைத் தீவனத்திற்கு மக்காச்சோளமும் இறக்குமதியாகின்றது. அன்றைய வழக்கு வரியைப் பற்றியது. இன்றைய வழக்கோ தரத்தை அளக்கும் முறையைப் பற்றியது.

தர உறுதித் திட்டங்கள் வலுப்பெற்றதற்கு ஒரு பெருந்துன்பம் காரணமாயிற்று. மாடுகளின் மூளையைச் சிதைக்கும் நோய் ஒன்று பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்டது. இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளைத் தீவனத்தில் கலந்ததால் அது பரவியது. அந்நோய்க்கும், மனிதர் சிலரைக் கொன்ற ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அரசாங்கம் அறிவித்தது. மக்கள் திகைத்தனர். உணவு எங்கே, எவ்வாறு விளைந்தது என்பதைக் காட்டும் சான்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2000ஆம் ஆண்டில் 'ரெட் டிராக்டர்' என்னும் முத்திரை வந்தது. சிவப்பு டிராக்டரின் படமே அதன் சின்னம். இது அரசாங்கத்தின் சட்டமன்று; உழவர் சங்கங்களும் உணவுத் தொழில் நிறுவனத்தாரும் வணிகரும் சேர்ந்து அமைத்த ஏற்பாடு.

இத்திட்டத்தில் சேர்ந்த உழவர் கட்டணம் செலுத்துகிறார், தணிக்கையாளரை வரவேற்கிறார். எந்த வயலில், எந்த நாளில், எந்த மருந்தை எவ்வளவு தெளித்தார் என்று குறித்து வைக்கிறார். மருந்து தெளிக்கும் கருவியைச் சோதிக்கச் செய்கிறார். களஞ்சியத்தில் எலியும் பறவையும் புகாது காக்கிறார். தானியத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து எழுதுகிறார். விற்பனைக்குச் செல்லும் ஒவ்வொரு லாரியுடனும் 'பாஸ்போர்ட்' என வழங்கும் ஒரு தாள் செல்லவேண்டும். அதனில்லாத தானியத்தைப் பெரும்பாலான ஆலைகள் வாங்குவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும் சந்தை கட்டாயப்படுத்துகிறது.

கப்பலில் வரும் தானியத்தின் நிலை வேறு. அது விளைந்த பண்ணையில் இத்தகைய தணிக்கை நடந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லாமலே அது ஆலைக்குச் செல்ல இயலும். அத்தானியத்தால் விளையக்கூடிய தீங்குகளை முன்கூட்டி மதிப்பிட்டு, மாதிரி எடுத்து, மருந்தெச்சம், பூஞ்சண நஞ்சு முதலியவற்றைச் சோதித்து ஏற்கின்றனர். பின்னர் தீவன ஆலையில் அது உள்நாட்டுத் தானியத்தோடு கலக்கிறது. அத்தீவனத்தை உண்ட கோழியின் இறைச்சி அதே சிவப்பு டிராக்டர் முத்திரையைப் பெறலாம்.

பள்ளிக்கூட உவமை ஒன்றால் இதனை விளக்குவேன். ஒரு மாணவனிடம் ஆண்டு முழுவதும் எழுதிய குறிப்பேடுகளைக் காட்டினால்தான் மேல்வகுப்பு என்கிறோம். வெளியூரிலிருந்து வந்த மற்றொருவனை ஒருநாள் தேர்வை மட்டும் வைத்து அதே வகுப்பில் சேர்க்கிறோம். முதல் மாணவன் என்ன கேட்பான்? "எனக்கும் அத்தேர்வை வையுங்கள், அல்லது அவனிடமும் குறிப்பேட்டைக் கேளுங்கள்" என்றுதானே கேட்பான்? பிரிட்டிஷ் உழவரின் முறையீடும் இதுவே. சோதனை வேண்டாம் என்பது அவர்களுடைய வாதமன்று.

இரு முறைகளுக்கும் பயனுண்டு, குறையுமுண்டு. குறிப்பேடு விளைந்த வரலாற்றைச் சொல்லும். ஆனால் எழுதியவரின் நேர்மையே அதற்கு ஆதாரம். ஆய்வுக்கூடம் பொருளையே நேரில் காண்கிறது. ஆனால் தேடியதை மட்டுமே அது காணும். பூஞ்சண நஞ்சு குவியல் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆதலால் பல இடங்களிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அட்ரசின் என்னும் களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அனுமதி மறுத்தது. அப்போது பிரிட்டனும் அதில் அடங்கியிருந்தது. அமெரிக்க மக்காச்சோள வயல்களில் அது தொடர்ந்து பயன்பட்டு வருகிறது. விளைந்த தானியத்தில் எச்சம் வரம்புக்குள் இருந்தால் சோதனையில் அது தேறிவிடும். தமக்கு மறுக்கப்பட்ட கருவியைக் கொண்டு விளைவித்த பொருளோடு தாம் போட்டியிட வேண்டியிருக்கிறதே என்று உழவர் வருந்துகின்றனர்.

மறுபக்கத்தையும் கேட்பது முறை. ஒரு கப்பலில் பல்லாயிரம் டன் தானியம் வரக்கூடும். அதன் சோதனைச் செலவு டன் கணக்கில் பகிர்ந்தால் சிறிதாகும். ஒரு லாரியிலோ சுமார் 29 டன்தான். ஒவ்வொரு லாரிக்கும் முழுச் சோதனை நடத்தினால் செலவு தாங்காது. ஏட்டுச் சான்றே மலிவு என்பர் வணிகர். இது பொருளுள்ள வாதமே. ஆயினும் லாரிதோறும் சோதிக்காமல், களஞ்சியம் முழுவதற்கும் ஒரே முறை மாதிரி எடுத்துச் சோதிக்கலாமே என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

2023 அக்டோபரில், சுற்றுச்சூழலுக்கெனக் கூடுதல் விதிகளை ரெட் டிராக்டர் அமைப்பு அறிவித்தது. விருப்பமுடையோர் மட்டும் ஏற்கலாம் எனினும், முன்னைய விதிகள் சந்தையில் கட்டாயமான கதையை அறிந்த உழவர் கடுமையாக எதிர்த்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் டேவிட் லுவெலின் தலைமையில் நடந்த தனி ஆய்வின் அறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. தணிக்கைச் சுமையைக் குறைக்கவும், தரங்களை வகுப்பதில் உழவரின் குரலுக்கு உரிய இடமளிக்கவும் அது பரிந்துரைத்தது.

'அளக்கிற நாழி அகவிலை அறியுமா?' என்பது நம் பழமொழி. நாழி விலையை அறிய வேண்டுவதில்லை. ஆள் மாறினாலும் அது மாறாதிருந்தால் போதும். மாணவர்களே, ஒரு தர முத்திரையைக் காணும்போது, அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை, எல்லாரையும் ஒன்றுபோல் அளந்ததா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். உண்பவர் கேட்க வேண்டிய அக்கேள்விகளைத்தான் அந்நாட்டு உழவர் முந்திக்கொண்டு கேட்டிருக்கின்றனர்.