பன்னி புல்வெளி: பசுமை கூடினால் நிலம் மீண்டதாகுமா?

நாட்டின் மொத்த நிலப்பரப்பில் 29.77 சதவீதம், அதாவது சுமார் 9.78 கோடி ஹெக்டேர் நிலம் 2018-19ஆம் ஆண்டு நிலவரப்படி சீரழிவுக்கு உள்ளாகியிருப்பதாக, இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட வரைபடத் தொகுப்பு தெரிவிக்கிறது. சீரழிந்த நிலங்களில் 2.6 கோடி ஹெக்டேரை 2030ஆம் ஆண்டுக்குள் மீட்டெடுப்பதாக, 2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடைபெற்ற ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில் இந்தியா உறுதியளித்தது.

எனினும், எது சீரழிவு, எது மீட்பு என்பது குறித்த அறிவியல் பார்வை கடந்த அரை நூற்றாண்டில் வெகுவாக மாறியுள்ளது. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள பன்னி புல்வெளி அதற்குத் தக்க சான்று.

பெரிய ரண் எனப்படும் உப்புப் பாலைவனம் இப்புல்வெளியை நோக்கி முன்னேறி வருவதாக அஞ்சிய வனத்துறை, அதைத் தடுப்பதற்காக 1961ஆம் ஆண்டு 31 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா மரங்களை வளர்த்தது. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்று அறியப்படும் அதே மரம்தான் இது. கட்ச் மக்கள் இதைப் 'பைத்தியக்கார வேலம்' என்று பொருள்படும் 'காண்டோ பாவள்' என்ற பெயரால் அழைக்கின்றனர். பெயருக்கேற்ப அது கட்டுக்கடங்காமல் பரவி, இன்று பன்னியின் ஏறத்தாழ பாதிப் பரப்பை ஆக்கிரமித்துள்ளது.

இதன் சுமை மால்தாரி எனப்படும் மேய்ச்சல் சமூகத்தினர் மீது விழுந்தது. மரம் அடர்ந்த இடங்களில் புல் குறைந்தது. இதன் காய்களை மிகுதியாகத் தின்னும் பசுக்களுக்குச் செரிமானக் கோளாறு ஏற்படுகிறது. அவற்றின் சாணத்தின் வழியே விதைகள் மேலும் பரவுகின்றன. காங்ரேஜ் மாடுகளை வளர்த்து வந்த பலர் எருமைகளுக்கு மாறினர். அவர்கள் வளர்க்கும் பன்னி எருமை, 2010ஆம் ஆண்டு தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது.

பாலைவனம் படையெடுத்து வருகிறது என்ற அச்சம் அக்காலத்தில் உலகெங்கும் நிலவியது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியை வாட்டிய வறட்சியைத் தொடர்ந்து, 1977ஆம் ஆண்டு நைரோபியில் ஐ.நா. மாநாடு கூட்டப்பட்டதற்கும் அதுவே பின்னணி. ஆனால் 1980 முதல் 1990 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், சஹாராவின் தென் எல்லை மழைக்கேற்ப ஓராண்டு தெற்கே நகர்வதையும் மற்றோர் ஆண்டு வடக்கே பின்வாங்குவதையும் கண்டறிந்தனர்.

இதனிடையே, கென்யாவின் துர்கானா பகுதியை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை, வறண்ட மேய்ச்சல் நிலங்களில் புல்லின் அளவைக் கால்நடைகளின் எண்ணிக்கையைவிட மழையே பெரிதும் தீர்மானிக்கிறது என வாதிட்டது. அவ்வகையில், மழை பொய்த்த ஓராண்டில் புல் கருகிக் கிடப்பதை மட்டும் வைத்து நிலம் அழிந்துவிட்டதாகக் கூற இயலாது. மந்தையுடன் இடம்பெயர்வதும் பொறுப்பற்ற மேய்ச்சலாகாது. சீரற்ற மழைக்கு ஏற்ப மக்கள் கண்ட வழி அது. மிகை மேய்ச்சலால் எங்குமே கேடில்லை என்பது இதன் பொருளன்று. நீர்நிலைகளைச் சுற்றி மந்தைகள் ஆண்டு முழுவதும் தங்கும் இடங்களில் மண் கெடவே செய்கிறது.

சிக்கல் அளவீட்டிலும் உள்ளது. நிலப்பரப்பின் தன்மை, நிலத்தின் விளைதிறன், மண்ணிலுள்ள கரிமம் ஆகிய மூன்றையும் ஐ.நா. உடன்படிக்கை குறியீடுகளாகக் கொள்கிறது. விளைதிறன் பெரும்பாலும் செயற்கைக்கோள் காணும் பசுமையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. புல்வெளியை முள்மரக் காடு விழுங்கினாலும் அக்கணக்கில் அது முன்னேற்றமாகப் பதிவாகக்கூடும். மேய்ச்சலுக்கோ அது இழப்பு.

இம்மரங்கள் அகற்றப்பட்ட இடங்களில் புல் மீண்டும் தழைப்பது பன்னியில் காணப்பட்டுள்ளது. ஆயினும் பணி எளிதன்று. தரைமட்டத்தில் வெட்டினால் மரம் மீண்டும் துளிர்த்துவிடும் என்பதால் வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். புதிதாக முளைக்கும் கன்றுகளையும் தொடர்ந்து களைய வேண்டும். மேலும், புல் குறைந்த இந்த ஆண்டுகளில் அதே மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்பதையே பல குடும்பங்கள் பிழைப்பாகக் கொண்டுள்ளன. மரங்களை முற்றிலும் அகற்றுவதா, ஒரு பகுதியைக் கரிக்காக விட்டுவைப்பதா என்பதில் மால்தாரிகளிடையேயே ஒருமித்த கருத்து இல்லை.